சரிவில் இரண்டு நிமிடம்

மார்ச் 2

மலை உச்சியில், எந்த டவரும் எட்டாத உயரத்தில் வீற்றிருக்கும் ஸ்பானர் மகாராணி அக்காவுக்கு,

கொசு எழுதுவது. ஆமாம், உன் தங்கையேதான். எட்டு மாதமாக நீ எனக்கு ஒரு வரி போடவில்லை. சுரங்கம் தோண்டும் முகாமில் போன் எடுக்காது, சரி. பேனாவுமா எடுக்காது? வாரத்துக்கு மூன்று நாள் உங்கள் சாமான் லாரியில் தபாலும் வருகிறதாம், விசாரித்துவிட்டேன். ஆகவே இந்தக் கொசு இனி லாரி ஏறி வந்து கடிக்கும்.

சிரித்துவிட்டாயா? சிரிப்பு இவ்வளவுதான். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

அப்பாவின் வலது கால் நசுங்கிவிட்டது. போன மாதம் பதினேழாம் தேதி. மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆறு அலமாரிக் கண்ணாடி கொடுக்கப் போனார். நம் எருமையை (பிக்கப்புக்கு இன்னும் அதுதான் பெயர்) ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அணைத்தால் திரும்ப உயிர் வராது என்று வழக்கம்போல இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, தெருவில் நின்ற ஒருவரைக் கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அவரை இறக்கிவிட்டு, பின்னால் போய் முதல் கண்ணாடியைத் தூக்கியிருக்கிறார். வண்டி உருண்டு வந்து அவரை மதில் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் ஓடி வந்து வாங்கும்வரை கையிலிருந்த கண்ணாடியை அவர் கீழே விடவில்லையாம்.

வாகன ஆய்வாளர் வந்து எருமையைப் படம் பிடித்துப் போனார். மார்ச் 27க்குள் ஹேண்ட்பிரேக் பொருத்தி, அவர்கள் சரிவு மேடையில், முழுப் பாரத்தோடு, நியூட்ரலில் இரண்டு நிமிடம் நிறுத்திக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தான பழைய வண்டி நேராக நசுக்கும் ஆலைக்குத்தான். பட்டறையில் அம்மா தனியாகக் கண்ணாடி அறுத்துச் சுவரோரம் சாய்த்துச் சாய்த்து வைக்கிறாள். வெட்டியது அத்தனையும் கிடக்கிறது. கண்ணாடி என்று சொன்னதுமே வாடகை வண்டிக்காரர்கள் "ஆளை விடுங்க" என்கிறார்கள். எருமை போனால் பட்டறையும் போகும் அக்கா. அம்மா அதை வாயால் சொல்லவில்லை. கண்ணாடி அறுக்கும்போது பாடுவாளே, அதை நிறுத்திவிட்டாள்.

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே இழுக்கிற பழைய கைப்பிடி இருக்கிறது. அதிலிருந்து ஒற்றைக் கேபிள் வந்து பாதியில் தொங்குகிறது. நீ மாற்றிய புது ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கைப்பிடி உண்டு, பிடிப்பு இல்லை. நம் குடும்பம் மாதிரி.

வா. வர முடியாவிட்டால் எதை எதோடு கட்டுவது என்று எழுது.

கொசு

மார்ச் 6

கொசு,

லாரி டிரைவர் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக் கொடுத்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவின் காலை நசுக்கியது நான்தான். பழைய டிரம் பிரேக்கை நம்பிக் கண்ணாடி ஏற்ற முடியாது என்று ஆக்ஸிலை மாற்றியது நான். ஹேண்ட்பிரேக்குக்கு இன்னும் நாலு நாள் வேண்டும் என்று சொன்னதும் நான். மறுநாளே அவர் வண்டியை எடுத்தார், நான் சாவியை ஒளித்தேன், மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "காலுக்கு பிரேக் இருக்குல்ல, கைக்கு எதுக்குடி?" என்றார். அன்றைக்கு நான் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்திருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வேலையை விட்டுவிட்டுப் போகிறவள் மெக்கானிக் இல்லை.

இங்கே நான் ஸ்பானர் பிடிக்கவில்லை. சாமான் அறையில் ஹெல்மெட்டும் கையுறையும் கொடுத்து வாங்குகிறேன். அதுதான் எனக்குச் சரி.

ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வண்டியை மாற்றியது நான், பிரேக் இணைக்காமல் விட்டது நான், விபத்துக்கு முழுப் பொறுப்பும் நான், இனி எந்த வண்டியிலும் கை வைக்க மாட்டேன். அடுத்த லாரியில் போகும். எருமை ஆலைக்குப் போகட்டும். இன்னொரு கால் போவதற்கு அது மேல்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தக் கட்டை நான் அறுத்தது. பழைய கதவு நிலையின் மரம், அடியில் டயர் ரப்பர் ஒட்டி ஆணி அடித்தேன். போகும் முன் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். எட்டு மாதம் நின்றது அன்று எப்படி நழுவியது? தரையில் எண்ணெய் சிந்தியிருந்ததா? ரப்பர் பிய்ந்துவிட்டதா? படுத்தால் அதுதான் ஓடுகிறது. தெரிந்தால் சொல்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

முதலில் வேலை விஷயம். நீ சொல்லித் தராவிட்டால் என்ன, நானே கட்டினேன். பழைய கேபிளையும் ஒரு புதுக் கேபிளையும் கிளாம்ப் போட்டு இணைத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு குட்டிக் கைகளிலும் மாட்டினேன். கைப்பிடியை இழுத்தால் என் மடிவரை வருகிறது. சக்கரம் கவலையே இல்லாமல் சுற்றுகிறது. தெருமுனை லேத்துக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்டுறியா?" என்று கேட்டார். "எருமைக்குண்ணே" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டை எப்படி நழுவியது என்று கேட்டிருந்தாய். தெரியாது என்று எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது தாள்.

அது நழுவவில்லை அக்கா. நொறுங்கியது.

கண்ணாடிப் பெட்டிகளில் வரும் தெர்மகோல் இருக்கிறதே, அதில் இரண்டு பெரிய துண்டை ஒட்டி, உன் கட்டையின் அளவுக்கே செதுக்கினேன். பழுப்பு வர்ணம் அடித்தேன். மர ரேகை போட்டேன். ஆணித் துளைகூட வரைந்தேன். அடியில் கறுப்புத் தாள் ஒட்டினேன். மூன்று நாள் வேலை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கும் நான் அவ்வளவு உழைத்ததில்லை. அப்பா தூக்கும்போது பாறை என்று நினைத்துத் தூக்கினால் பஞ்சாக வரும், அவர் பின்னால் சாய்ந்து விழப் பார்ப்பார், நாங்கள் சிரிப்போம். அதுதான் திட்டம். நீ போனதிலிருந்து அந்த மனுஷன் சிரிக்கவில்லை அக்கா. சிரிக்க வைக்கத்தான் செய்தேன்.

பதினாறாம் தேதி சாயங்காலம் மாற்றி வைத்தேன். காலையில் முற்றத்தில், சமதரையில், அவர் கட்டையை எடுத்து வண்டியில் போடும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று கணக்கு. நான் எழுந்து வருவதற்குள் போய்விட்டார். கட்டையைத் தூக்கிப் போட்டது அம்மா. "என்ன இவ்ளோ லேசா இருக்கு, காஞ்சிடுச்சோ" என்று நினைத்தாளாம். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மேட்டுத் தெருவில் அப்பா அதைக் கையால் தொடவே இல்லையாம். வண்டியிலிருந்து கீழே தள்ளி, பூட்ஸ் காலால் உதைத்துச் சக்கரத்துக்கு அடியில் சொருகினாராம். அவர் எப்போதும் அப்படித்தான் சொருகுவார். எனக்கு அது தெரியாது. எட்டு மாதம் பார்த்தும் தெரியாது.

வெள்ளைத் துணுக்குகள் தெருவெல்லாம் பறந்ததாம். கண்ணாடிப் பெட்டியின் குப்பை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். மறுநாள் நான் போய்ப் பொறுக்கினேன். இன்னும் என் பள்ளிப் பையின் அடியில் இருக்கின்றன.

எல்லோரும் உன்னைச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

உன் கையைக் காலாக நினைத்துப் பிடிக்கிறேன். அந்தக் கடிதத்தை அனுப்பாதே.

கொசு

மார்ச் 13

படித்தேன்.

கடிதம் பத்தாம் தேதி லாரியிலேயே போய்விட்டது. உன்னுடையது பன்னிரண்டாம் தேதி வந்தது. இதற்குள் ஆய்வாளர் மேசையில் இருக்கும். பதிவாகிவிட்டால் என் மெக்கானிக் வேலைச் சான்று போய்விடும். அது என் கவலை.

பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ கட்டியது ஏன் பிடிக்கவில்லை என்றால், பழைய கைப்பிடி நீளமாக இழுக்கும், பலமாக இழுக்காது. காலிப்பரின் கைக்குக் கொஞ்ச தூரம் போதும், ஆனால் நல்ல பலம் வேண்டும். நடுவில் ஒரு நெம்புகோல் போட வேண்டும். விரல் தடிமனில் ஓர் இரும்புப் பட்டை, ஒரு முனையில் துளையிட்டுச் சேசிஸில் போல்ட்டால் சுழலும்படி மாட்டு. மறு முனையில் கைப்பிடியின் கேபிள். சரியாகப் பாதித் தூரத்தில் பின்னால் போகும் கேபிள். கைப்பிடி பத்து சென்டிமீட்டர் வந்தால் பின்னால் ஐந்துதான் போகும், பலம் இரண்டு மடங்காகும். துளையைக் கண்ணால் மட்டம் பார்த்துப் போடாதே, அளந்து போடு. பின்னால் இரண்டு கேபிளையும் ஒரே ஆணியில் கட்டிவிடாதே. தராசு மாதிரி ஆடும் சின்னக் குறுக்குப் பட்டையின் இரண்டு முனையில் கட்டு. அப்போதுதான் இரண்டு சக்கரமும் ஒரே அளவு பிடிக்கும். கேபிளின் வெளி உறையை ஆக்ஸிலோடு அசையாமல் இறுக்கு. உறை நகர்ந்தால் நீ இழுப்பது காற்றை.

இது முக்கியம். கேபிளைக் கடைசியில்தான் முறுக்க வேண்டும். முதலில் காலிப்பர் கைகள் இரண்டும் முழுக்கப் பின்னால் போய் முட்டி நிற்கட்டும். கால் பெடலை நாற்பது தடவை மிதி, காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் பட்டைகள் டிஸ்க்கைத் தேடி வந்து உட்காரும். அதன் பிறகு கேபிளின் தொய்வு போகும்வரை மட்டும் முறுக்கு. பயத்துக்காக ஒரு சுற்றுகூடக் கூடுதலாகப் போடாதே.

லேத்துக்காரரைக் கூப்பிடு. தனியாக ஜாக்கிக்கு அடியில் போகாதே.

அப்பாவிடம் சொன்னாயா?

மார்ச் 20

அக்கா,

பெயர் போடாமல் எழுதியிருந்தாய். தாளின் பின்பக்கத்திலும் தேடினேன்.

நெம்புகோல் பட்டை தயார். லேத்துக்காரர் வெட்டி, துளை போட்டு, ஓரத்தை உரசிக் கொடுத்தார். அளந்துதான் போட்டோம், மூன்று தடவை. பதினெட்டாம் தேதி எல்லாம் மாட்டி முடித்து, நாற்பது தடவை மிதித்து, தொய்வு போகும்வரை முறுக்கினேன். இழுத்தேன். பிடித்தது! நானும் லேத்துக்காரரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம், எருமை அசையவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத்தான் பிரேக் கிடையாதே. நழுவிவிட்டால், மறுபடி யாராவது பின்னால் நின்றால் என்று நினைத்து நினைத்து, அவர் போனபின் ஐந்து சுற்று கூடுதலாக முறுக்கிவிட்டேன். நேற்று அவர் ஓட்டிப் பார்த்தார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் கருகல் நாற்றம். இறங்கிப் பார்த்தால் பின் டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்துப் புகைகிறது. ஆறியபின் இழுத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. பிரேக் பட்டைகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிட்டன. கண்ணாடிக்காரன் வீட்டில் அதுவும் கண்ணாடி. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை இந்த ஜோக்.

இன்று காலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். உன் கடிதம் கோப்பில் இருக்கிறது, இன்னும் பதியவில்லை. "என்ன நடந்ததுன்னு நான் எழுதித் தர்றேன்" என்றேன். மேசையில் இருந்த எழுத்தர் பெண் வயதைக் கேட்டாள். பதினாறு என்றேன். "அப்ப அப்பா கையெழுத்து வேணும். இல்லாம இது வெறும் காகிதம்தான்."

எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். தினமும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன், தினமும் திருப்பி எடுத்து வருகிறேன். நேற்று அப்பாவின் கால் புண்ணைக் கழுவினார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எப்படிச் சொல்வது அக்கா? சொன்னால் பிடிப்பதற்கு ஒரு கைகூட அவருக்கு இருக்காதே.

ஏழு நாள் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

கொசு

மார்ச் 23

கொசு,

டிஸ்க்கைத் தொட்டுப் பார். விரிசல் இல்லாவிட்டால் பரவாயில்லை. பிரேக் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு. ஐந்து சுற்றையும் எடு. காலிப்பர் கைகள் முட்டி நிற்கின்றனவா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நாற்பது தடவை.

அப்பாவிடம் சொல். இது என் சான்றுக்காக இல்லை. சொல்லாதவரை பயத்தில் நீ முறுக்கிக்கொண்டே இருப்பாய்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. புதுப் பிரேக் பட்டைகளை லேத்துக்காரரே தேடிப் பிடித்து வந்து போட்டார். ஐந்து சுற்றையும் எடுத்துவிட்டேன். நேற்று உன் தாளைப் படித்ததும் மறுபடி அடியில் புகுந்து விரல் விட்டுப் பார்த்தேன். பிறகு கையைக் கழுவாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அப்பா, ஒரு கையெழுத்து வேணும்."

"மறுபடியும் ஸ்கூல்ல என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஸ்கூல்ல இல்லப்பா."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு முதல் வரிக்குப் போனார்.

"வர்ணம் நீயே அடிச்சியா?"

"ஆமாப்பா."

"ஆணி ஓட்டைகூட?"

"அதுவும்."

பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் நெடுநேரம் எழுதினார். மடித்தார், இன்னொரு தடவை மடித்தார். "அங்க போய்த்தான் பிரிக்கணும்" என்றார். நான் அவர் காலடியிலேயே நின்றேன். "போடி. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத." கத்தவில்லை அக்கா. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலை அம்மா, லேத்துக்காரர், நான். வண்டி நிறைய மணல் மூட்டை. வழியில் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "நான் தூக்கினேனே, லேசா இருந்துச்சே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சரிவு மேடை நம் வீட்டுப் படிக்கட்டைவிடச் செங்குத்தாக இருந்தது. லேத்துக்காரர் ஏற்றி நிறுத்தி, கைப்பிடியை இழுத்து, நியூட்ரலில் போட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி வைத்து ஜன்னல் வழியாகக் காட்டினார். ஆய்வாளர் டயருக்குப் பின்னால் சாக்பீஸால் கோடு போட்டார். "பின்னாடி யாரும் நிக்காதீங்க!" நான் எண்ணத் தொடங்கினேன். எழுபதில் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்தது. நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று நினைக்கிறாய்? வண்டியின் பின்னால். இரண்டு கையையும் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றரை டன்னுக்கு முன்னால் ஒரு கொசு. ஆய்வாளர் என் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். "செத்துப்போவ, முட்டாப் பொண்ணே! பாரம் இறங்கி உக்காருது, அவ்ளோதான். பிரேக் பிடிச்சிருக்கு, பாரு!"

எருமை நின்றுகொண்டிருந்தது. நூற்றிருபது தாண்டியும் நின்றது. நான்தான் தரையில் உட்கார்ந்து ஊளையிட்டேன்.

உள்ளே மேசையில் உன் கடிதத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மடிப்பைப் பிரித்தார். கையெழுத்துக்குக் கீழே அப்பா எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்:

"கட்டையை உதைத்தபோது தரையில் உரசும் சத்தம் வரவில்லை. அது மரமில்லை என்று என் காலுக்குத் தெரிந்தது. குனிந்து பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாள், உங்கள் மூத்த மகள் வண்டி வேலை செய்வாளாமே, எங்கே காணோம் என்று கேட்டிருந்தாள். அந்தக் கோபத்தில் இருந்தேன். பிறகு எல்லோரும் மூத்தவளைக் குறை சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் நாலு நாள் கேட்டாள். நான் கொடுக்கவில்லை."

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆய்வாளர் உன் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். "இதை நான் பார்க்கவே இல்ல" என்றார். இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீயே கிழித்துக்கொள்.

எருமை வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. நீ திட்டியாவது ஒரு கடிதம் போடு, வாங்கிக்கொள்கிறேன். ஒன்றும் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

கொசு

ஏப்ரல் 2

கொசு,

கிழித்துவிட்டேன். அப்பா எழுதியதை மட்டும் தனித் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று உன்னைத் தேற்றுவதற்காக எழுத மாட்டேன். வண்டியின் பின்னால் போய் நின்றாய் என்று படித்ததும் அது இன்னும் ஏறிவிட்டது. நேரில் வைத்துக்கொள்கிறேன்.

புதுக் கேபிள் முதல் முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்குள் கொஞ்சம் நீளும். எல்லாக் கேபிளும் அப்படித்தான், பயப்படாதே. இழுக்கும்போது 'டக் டக்' என்று பல்லில் விழுமே, கைப்பிடி அதில் இரண்டு பல் கூடுதலாக வெளியே வரத் தொடங்கும். அப்போது அதைத் திரும்ப முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். நீ தொடாதே. லேத்துக்காரரையும் தொட விடாதே. பதினைந்தாம் தேதி லாரியில் கீழே இறங்குகிறேன். நான் வந்து முறுக்கிக்கொள்கிறேன்.

அக்கா